நாடி பார்க்கும் கடிகாரம்

மேற்கு மாம்பலத்துப் பழைய குடும்பங்களுக்கு யானைக்கால் வியாதியைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு காலத்தில் இந்தப் பேட்டையின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்த வியாதி அது. அந்த நோயின் நுண்புழுக்களுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. பகலெல்லாம் உடம்பின் உள்ளே பதுங்கியிருக்கும். இரவு பத்து மணிக்கு மேல்தான் ரத்தத்தில் உலாவக் கிளம்பும். ஆகவே, பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பதும் ராத்திரியில்தான்!

யானைக்கால் மட்டுமென்ன? டாக்டர் விழித்திருக்கும் நேரம் பார்த்துத்தான் வருவேன் என்று எந்த வியாதியும் வாக்குக் கொடுக்கவில்லை. படபடப்பு வந்ததும் பயந்துகொண்டு ஓடுவோம். டாக்டர் எதிரே உட்கார்ந்ததும் அது இருந்த இடம் தெரியாது. சிலருக்கு டாக்டர் அறையில் ரத்த அழுத்தம் சரியாக இருக்கும், வீட்டிலே ஏறியிருக்கும். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களுக்குத் தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கிவிடுவதும் உண்டு. இந்தச் சமயங்களில் காவல் இருக்கத்தான் கைக்கடிகாரமும் செல்போனும் வந்திருக்கின்றன.

சாயங்காலம் அயோத்தியா மண்டபத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். "இன்றைக்கு எத்தனை அடி நடந்தீர்?" என்று பெரியவர்கள் மணிக்கட்டைத் திருப்பிக் கணக்குப் பார்ப்பார்கள். அந்தக் கடிகாரத்தின் அடியில் மினுக்கும் பச்சை வெளிச்சம்தான் நாடி பிடிக்கும் வைத்தியர். ரத்தம் பச்சை ஒளியை விழுங்கும் இயல்புடையது. இதயம் துடிக்கும்போதெல்லாம் மணிக்கட்டில் ரத்தம் பெருகும். திரும்பிவரும் வெளிச்சம் குறையும். இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணிச் சொல்கிறது கடிகாரம்.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் இதற்கு மூத்த உறவு. சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி இரண்டையும் செலுத்தி, ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று கணிக்கும் இந்த முறையை 1974-ல் வகுத்தவர் டகுவோ அவோயாகி என்ற ஜப்பானியர். கொரோனாவில் மூச்சுத் திணறலே தெரியாமல் பிராணவாயு குறைந்தவர்களை இந்தச் சின்னக் கருவி காட்டிக் கொடுத்தது. 2020-ல் நம் சென்னை ஐ.ஐ.டி.யின் மருத்துவத் தொழில்நுட்ப மையமும், அங்கே முளைத்த ஹெலிக்ஸான் நிறுவனமும் ஒரு படி மேலே போயின. உடல் சூடு, பிராணவாயு, மூச்சு வேகம், நாடி நான்கையும் அறிந்து செல்போனுக்கு அனுப்பும் கருவியைச் செய்தன.

எதை நம்பலாம்?

கருவி சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று எண்ணிவிடாதீர்கள். கறுத்த சருமம் உள்ளவர்களுக்கு ஆக்ஸிமீட்டர் உண்மை அளவைவிடக் கூட்டிக் காட்டலாம் என்று 2020-ல் அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று தெரிவித்தது. மாநிறக்காரர்களான நாமும் கவனிக்க வேண்டிய சங்கதி! நகப்பூச்சைத் துடைத்துவிட்டு, குளிர்ந்த விரலைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு பாருங்கள். எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால், மூச்சை நம்புங்கள், எண்ணை நம்பாதீர்கள்.

ஊசி குத்தாமல் சர்க்கரை பார்ப்பதாகச் சொல்லும் கடிகாரத்தையும் மோதிரத்தையும் நம்ப வேண்டாம் என்று அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. புஜத்தில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரைக் கருவி வேறு. அதில் தோலுக்குள் போகும் மெல்லிய இழை உண்டு.

கடிகாரம் எச்சரித்தால் உடனே கலங்கவும் வேண்டாம். அமெரிக்காவில் நான்கு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2019-ல் வெளியாயிற்று. நாடி தாறுமாறாக இருப்பதாகக் கடிகாரம் எச்சரித்தது 200-ல் ஒருவரைத்தான். அவர்களில் மறுபரிசோதனை செய்துகொண்டவர்களிலும் 100-க்கு 34 பேருக்குத்தான் அது உறுதியாயிற்று. ஆனால் பக்கவாதத்துக்குக் காரணமாகக்கூடிய கோளாறு என்பதால், டாக்டரிடம் காட்டாமல் விடக்கூடாது. மாரடைப்பைக் கடிகாரம் கண்டுபிடிக்காது. நெஞ்சு வலித்தால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

கதவைத் திறப்பது யார்?

அப்பாவின் நாடியை அமெரிக்காவிலிருக்கும் பிள்ளை செல்போனில் பார்த்துவிடலாம். ஆனால் இங்கே கதவைத் திறக்க ஆள் வேண்டுமே! மாற்றுச் சாவி ஒன்றை அடுத்த வீட்டில் கொடுத்து வையுங்கள். எந்த எண்ணுக்குக் கீழே போனால், எதற்கு மேலே ஏறினால் கூப்பிட வேண்டும் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு, மருந்துப் பெயர்களோடு எழுதி ஒட்டுங்கள்.

கடைசியாக, சகோதரிகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்ப்பவர் நீங்கள். உங்களுக்குப் பார்த்து எத்தனை நாளாயிற்று? பெண்களுக்கு மாரடைப்பு சில சமயம் நெஞ்சுவலியே இல்லாமல், அசதியும் மூச்சிரைப்பும் குமட்டலுமாக வரும். 'வேலை அதிகம்' என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். ஆகையால் மாமியாருக்குப் பார்த்து முடித்ததும் பட்டையைச் சுருட்டி வைத்துவிடாதீர்கள். காபி குடித்து அரை மணி போகட்டும். ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்காருங்கள். பிறகு உங்கள் கையிலும் ஒரு தரம் சுற்றிப் பாருங்கள்.