எருமையின் ஊமைப் பருவம்

சென்ற ஆண்டு ஐப்பசியில் முடிச்சூர்ப் பக்கத்து அங்கத்தினர் ஒருவரின் கொட்டிலைக் காணச் சென்றிருந்தோம். இரண்டு ஈத்து ஈன்ற எருமை ஒன்று அங்கே கட்டப்பட்டிருந்தது. கன்று போட்டு ஏழு மாதமாகியும் சினை பிடிக்கவில்லையாம். “மலடாகிவிட்டது, ஐயா. தீனிக்குக் கட்டுப்படியாகவில்லை. தரகரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்” என்றார் அன்பர். உள்ளிருந்து அவருடைய மனைவியார், “விடியற்காலையிலே வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறதே, அதை நீங்கள் எங்கே பார்க்கிறீர்கள்!” என்று இடைமறித்தார். நாம் தேடி வந்த விடை அந்த அம்மையாரின் சொல்லிலேயே இருந்தது.

பசு பருவத்துக்கு வந்தால் தெருவுக்கே தெரியும். ஓயாமல் கத்தும், தீனியை மறுக்கும், கூட இருக்கும் மாடுகளின் மேல் தாவும். பிற மாடு தன்மேல் தாவும்போது விலகாமல் நிற்குமாயின், அதுவே ஐயத்துக்கிடமற்ற அடையாளம். எருமையோ இவற்றில் பலவற்றைக் காட்டுவதில்லை. தாவுதல் அரிது, கத்துதலும் குறைவு. கண்ணாடி போன்ற வழுவழுப்பான கோழை சிறிது ஒழுகும். அடிக்கடி சிறுநீர் கழியும். பால் சற்றுக் குறையும். இவையும் பெரும்பாலும் பின்னிரவிலும் வைகறையிலும் தோன்றி, பொழுது ஏறுவதற்குள் மறைந்துவிடும். இதனையே கால்நடை மருத்துவர்கள் ஊமைப் பருவம் என்கின்றனர். உறங்குகிறவர் கண்ணுக்கு அந்த எருமை மலடுதான்.

கோடையும் சேர்ந்துகொள்கிறது. கருந்தோல் வெயிலை வாங்கிக்கொள்ளும். வேர்வைச் சுரப்பிகளோ எருமைக்குக் குறைவு. ஆகவே அது சேற்றையும் நீரையும் நாடுகிறது. தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் ஏரிகளைச் சுற்றி வீடுகள் நெருங்கிவிட்ட பின்னர், மாடு படுத்துப் புரள இடமேது? சித்திரை, வைகாசியில் கட்டுத்தறியிலேயே வேகும் எருமைக்குப் பருவம் தடைப்படுவதில் வியப்பில்லை. நண்பகலில் இரண்டு மூன்று முறை உடல் நனைய நீர் ஊற்றி நிழலில் கட்டுவது, விலை உயர்ந்த மருந்துகளைவிட முதலில் செய்யத்தக்கது என்பது நம் கருத்து.

பருவம் ஏறக்குறைய 21 நாளுக்கு ஒரு முறை வருகிறது. ஒன்றைத் தவறவிட்டால் 21 நாளைய தீனி வீண். அடுத்த ஈத்தும் அவ்வளவு தள்ளிப்போகும். பசுவுக்குப் பருவம் சுமார் 12 முதல் 18 மணி நேரமே நிற்கும். கருமுட்டை வெளிப்படுவது பருவம் அடங்கிச் சுமார் 10, 12 மணி கழித்து. அம்முட்டைக்கு ஆயுள் சில மணி நேரமே; விந்தணு ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும். ஆகவேதான் காலையில் அறிகுறி கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் கருவூட்டல் செய்யச் சொல்கிறார்கள். “மாடு கத்தியவுடனே ஊசி போட்டோம், பிடிக்கவில்லை” என்று குறைகூறும் அன்பர்கள் கடிகாரத்தையும் சிறிது விசாரிக்க வேண்டும்.

செயற்கை முறைக் கருவூட்டல் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1939-இல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத்குமாரன் என்பார் அதனைச் செய்து காட்டினார். 1943-இல் அலகாபாத்தில் அம்முறையால் முதல் எருமைக் கன்று பிறந்தது. இன்று விந்தைத் திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரிக் குளிரில், ஆண்டுக்கணக்கில் வைத்துக் காக்கிறார்கள். தெருவில் திரியும் பொலிகாளை தன் மகளையே கூடிச் சந்ததியைக் கெடுக்கும் ஆபத்தும், காளை வழியே பரவும் நோயும் இதனால் நீங்கின. பெண்கன்றே பெரும்பாலும் பிறக்கும்படி பாலினம் பிரித்த விந்தும் வந்திருக்கிறது. ஆனால் பருவத்தைக் கண்டுபிடிக்கும் வேலையை எந்த இயந்திரமும் நம் கொட்டிலில் வந்து செய்யப் போவதில்லை. அந்நாளில் மோப்பம் பிடித்து மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு வந்த காளை செய்த காவல் அது. காளையை நீக்கினோம், காவல் நம் தலையில் விழுந்தது.

ஆடு வளர்ப்போருக்கு இத்தொல்லை குறைவு. கிடாவைச் சில வாரங்கள் பிரித்து வைத்துப் பின் பட்டியில் விட்டால், அதன் வாடையே பல பெட்டைகளைப் பருவத்துக்குக் கொண்டுவரும். சினைக்காலமும் 150 நாள்தான்.

ஒற்றை மாடு வைத்திருக்கும் அங்கத்தினர் மூவர், நால்வர் சேர்ந்து, காலையும் மாலையும் அரைமணி நேரம் மாடுகளை ஓரிடத்தில் அவிழ்த்துவிட்டுக் கவனிக்கலாம். தனியே கட்டிய பசு தாவுவதற்கும் துணை வேண்டுமல்லவா? பொத்தேரியை அடுத்த காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. ஐயம் கேட்கப் போவோர்க்கு அது தொலைவன்று.

முடிச்சூர் எருமையை மருத்துவர் பரிசோதித்துக் கருப்பையில் குறையில்லை என்றார். தரகர் வந்து வெறுங்கையோடு திரும்பினார். அம்மையார் வைகறை நான்கு மணிக்கு விளக்கோடு கொட்டிலுக்குப் போகத் தொடங்கினார். கார்த்திகையில் ஒரு நாள் கோழையைக் கண்டார். அன்று மாலையே கருவூட்டல் நடந்தது. தை மாதம் சினைப் பரிசோதனையில் உறுதியாயிற்று. எருமைக்குச் சினைக்காலம் சுமார் 310 நாள். சுவரிலுள்ள நாட்காட்டியில் புரட்டாசியைச் சுற்றி அவர் கரிக்கோடு இட்டிருந்ததை நாமே கண்டோம்.