தாவாதே மணி!

நாய் நன்றியுள்ள பிராணி என்று ஒன்றாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். ஆனால் அந்த நன்றியை ஆள் மேல் தாவித்தான் காட்டுவேன் என்று அது அடம்பிடித்தால் என்ன செய்வது? எங்கள் வீட்டு நாட்டு நாய்க்குட்டி மணியைப் பழக்கியதில் தெரிந்துகொண்டதை நண்பர்களுக்குச் சொல்கிறேன்.

முதலில், ஏன் தாவுகிறது? இரை தேடித் திரும்பும் பெரிய ஓநாயின் வாயைக் குட்டிகள் நக்கும். உடனே அது தின்றதைக் கக்கி ஊட்டும். நாய்க்குட்டிக்கும் அந்தச் சுபாவம் உண்டு. நம்ம முகம் ஐந்தடி உயரத்தில் இருக்கிறது, அதனால் தாவுது. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை.

குட்டியாக இருக்கும்வரை எல்லோரும் சிரிப்போம். ஒரே வருடத்தில் அது 15 கிலோ எடைக்கு வளர்ந்துவிடும். கம்பு ஊன்றி நடக்கும் என் ஆயா மேல் அந்த எடை மோதினால் இடுப்பு எலும்பு என்னாவது? நகம் கீறினாலும் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, ரேபீஸ் தடுப்பூசிக்காக ஆஸ்பத்திரி போகவேண்டும். கடைசியில், "எங்கேயாவது கொண்டுபோய் விட்டுட்டு வா" என்ற பேச்சு வரும். எங்கள் வீட்டிலும் அப்பா சொன்னார்.

பல வீடுகளில் "இறங்குடா சனியனே" என்று கத்தி, கையால் தள்ளுவார்கள். நாய்க்கு அது திட்டு இல்லை, விளையாட்டு! கை பட்டது, பேச்சும் கிடைத்தது. அது கேட்டது அவ்வளவுதானே? நம் எலக்ட்ரானிக்ஸ் பாடத்தில் வரும் பாசிட்டிவ் ஃபீட்பேக் மாதிரி, தள்ளத் தள்ளத் தாவல் கூடும். அடித்தாலோ, பயந்துபோய்க் கடிக்கப் பழகும்.

செய்யவேண்டியது இதுதான்:

1. தாவினால் கையைக் கட்டிக்கொண்டு திரும்பி நில்லுங்கள். பார்க்காதீர்கள், பேசாதீர்கள்.

2. நான்கு காலும் தரையில் பட்ட அந்த நொடியே குனிந்து தடவிக்கொடுத்து, ஒரு துண்டு பொறை கொடுங்கள்.

3. பொறையை மூக்குக்கு மேலே காட்டி மெல்லப் பின்பக்கம் நகர்த்தினால் தானாக உட்காரும். "உட்கார்" என்று சொல்லிக் கொடுங்கள். உட்கார்ந்த நாயால் தாவ முடியாது.

4. விருந்தாளி வரும்போது கயிற்றில் பிடித்துக்கொண்டு இதையே பழக்குங்கள்.

முதல் சில நாள் தாவல் அதிகமாகும். வழக்கமாகக் கிடைத்தது கிடைக்கலையே என்று இன்னும் பலமாக முயன்று பார்க்கும். பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள்.

எப்போதாவது மட்டும் பரிசு கிடைக்கும் பழக்கம் லேசில் போகாது என்று அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் எலி, புறாக்களை வைத்துக் காட்டினார். வீட்டில் நாலு பேர் திரும்பி நிற்க, மாமா மட்டும் "வாடா ராஜா" என்று தாவவிட்டுக் கொஞ்சினால் உழைப்பெல்லாம் வீண். ஆகவே முதலில் வீட்டு மனிதர்களைப் பழக்குங்கள்!

சிதம்பரத்துக்கு மார்கழி ஆருத்ரா தரிசனத்தின்போது வீடு நிறைய உறவுக்காரர்கள். மணி ஒவ்வொருவர் முன்னும் உட்கார்ந்து வாலாட்டியது. ஆயா பயமில்லாமல் வாசலுக்கு வந்தார். இப்போது அதற்குப் பொறை வாங்கி வருவது அப்பாதான்.