உதயகுமார் வழக்கு: தடையாக நிற்பது எந்தச் சட்டம்?

புது தில்லி: ஒரு கொலை வழக்கில் விடுதலையானவர்கள் மீண்டும் கூண்டில் ஏற்றப்பட முடியுமா? திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையை அடுத்த ஃபோர்ட் காவல் நிலைய வழக்கு இக்கேள்வியைக் கூர்மையாக எழுப்பியுள்ளது.

2005 செப்டம்பர் 27-ஆம் தேதி ஸ்ரீகண்டேஸ்வரம் பூங்காவில் இருந்து ஃபோர்ட் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்ட உதயகுமார் என்ற இளைஞர் அன்றிரவே உயிரிழந்தார். அவரது தொடைகளில் கடுமையான காயங்கள் இருந்தது பிரேதப் பரிசோதனையில் தெரிய வந்தது. முதலில் நடந்த விசாரணையில் முக்கிய சாட்சி பிறழ்ந்தார். தாயார் தொடர்ந்த மனுவின் பேரில் உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐ வசம் ஒப்படைத்தது.

2018 ஜூலையில் சிபிஐ சிறப்பு நீதிமன்றம் இரு போலீஸாருக்கு மரண தண்டனையும், மேலும் மூவருக்குச் சிறைத் தண்டனையும் விதித்தது. ஆனால், 2025 ஆகஸ்ட் 27-ஆம் தேதி கேரள உயர் நீதிமன்றம் சிபிஐ புலனாய்வின் குறைகளைச் சுட்டிக்காட்டி, அவர்களை விடுதலை செய்தது.

ஒரே குற்றத்துக்கு ஒருவர் இரு முறை தண்டிக்கப்படுவதை அரசியல் சட்டத்தின் 20(2) பிரிவு தடுக்கிறது. விடுதலையானவருக்கும் பாதுகாப்பு அளிப்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 300-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 337-ஆவது பிரிவாகத் தொடர்கிறது.

எனினும், விடுதலைத் தீர்ப்பு நடைமுறையில் இருக்கும் வரையே இப்பாதுகாப்பு உண்டு. மேல்முறையீடு என்பது அதே வழக்கின் தொடர்ச்சி. புதிய வழக்கு அன்று. எனவே, உச்ச நீதிமன்றத்தின் கதவை இந்த விதி அடைத்துவிடுவதில்லை.

இதற்கு முன்னுதாரணம் குஜராத்தின் பெஸ்ட் பேக்கரி வழக்கு. அதில் 2003-இல் 21 பேரும் விடுதலையாயினர். சாட்சிகள் மிரட்டப்பட்ட நிலையில், 2004 ஏப்ரலில் அத்தீர்ப்பை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், மகாராஷ்டிரத்தில் மறு விசாரணை நடத்த உத்தரவிட்டது. 2006-இல் ஒன்பது பேர் தண்டிக்கப்பட்டனர். அவர்களில் நால்வரின் தண்டனையை 2012-இல் மும்பை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது.

ஆக, காவல் மரண வழக்குகளில் உண்மையான தடை வேறிடத்தில் உள்ளது. நான்கு சுவர்களுக்குள் நடந்ததற்குச் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் பெரும்பாலும் போலீஸாரே. ஐயத்துக்கு இடமின்றிக் குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்போ அரசுத் தரப்பினுடையது.

காவலில் இருக்கும்போது ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால், அதை அவரைக் காவலில் வைத்திருந்த அதிகாரியே ஏற்படுத்தினார் என நீதிமன்றம் கருத இடமளிக்கும் '114-பி' பிரிவை 1985-இல் சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. 1994-இலும் 2017-இலும் அதை வலியுறுத்தியது. 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சாட்சியச் சட்டத்திலும் அது இடம்பெறவில்லை.

சித்திரவதைத் தடுப்பு மசோதாவும் அப்படித்தான். 2010 மே மாதம் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவைத் தேர்வுக் குழுவுக்குச் சென்ற அம்மசோதா, 2014-இல் அவை கலைக்கப்பட்டதும் காலாவதியானது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997-இல் கையெழுத்திட்ட இந்தியா இதுவரை அதற்கு ஏற்பளிக்கவில்லை.

இரட்டைத் தண்டனைத் தடை குடிமகனுக்கான கவசம். அதை யாரிடமிருந்தும் பறிக்க வேண்டியதில்லை. காவல் நிலையத்துக்குள் செல்பவருக்கும் ஒரு கவசம் வேண்டும் என்பதே 1985 முதல் நாடாளுமன்றத்தின் முன் காத்திருக்கும் கோரிக்கை.