கப்பல் வராத கரை

தரங்கம்பாடிக்குள் நுழைகிறவர்களுக்கு, ஏதோ பழைய காலத்துக்குள் கால் வைத்துவிட்டதுபோல் தோன்றிவிடுகிறது. தோன்றாமல் எப்படி இருக்கும்? 1792இல் எழுப்பிய நகர வாயிலில் டென்மார்க் மன்னரின் முத்திரை. அதைத் தாண்டினால் 1701இல் கட்டிய சீயோன் தேவாலயம், எதிரே 1718இல் மதபோதகர் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் தேவாலயம். தெருக்கோடியில், தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் 1620இல் அனுமதி பெற்று டேனியர் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. இத்தனையும் தப்பியது எப்படி என்று கேட்டால், முன்னோர் பழமையைப் போற்றிக் காத்தார்கள் என்ற பதில் சட்டென்று வரும். உண்மை அவ்வளவு இனிமையானதில்லை. இங்கே பழையது நின்றதற்குக் காரணம், அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் அளவுக்கு யார் கையிலும் பணம் புழங்கவில்லை என்பதுதான்.

1845இல் டேனியர் இந்த ஊரையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றார்கள். சில ஆண்டுகள் மாவட்டத் தலைமையிடமாக இருந்த பெருமையும் 1860 வாக்கில் தஞ்சாவூருக்குப் போய்விட்டது. 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் சரக்கெல்லாம் அந்தத் துறைமுகத்தைத் தேடிப் போனது. அப்படிப் பிழைத்துக்கொண்ட நாகப்பட்டினத்தில் பழமை என்ன ஆனது? டச்சுக்காரர்களின் கோட்டை இன்று இல்லை. சோழர் காலப் பௌத்த விகாரையின் எச்சமாக நின்ற செங்கல் கோபுரத்தை 1867இல் இடித்துத் தள்ளினார்கள். ரயில் வந்து ஆறே ஆண்டுகள். வளர்ந்த ஊர் தன் பழமையைத் தின்றது. நொடித்த ஊரில் அது மிஞ்சியது.

பராமரிப்பு இல்லாமல் எந்தச் சுவரும் நிற்காதே, தொல்லியல் துறையும் டேனிஷ் ஆர்வலர்களும் செலவழித்துச் சீரமைத்தது கணக்கில் வராதா என்று கேட்கலாம். நிச்சயம் வரும். அவர்கள் இல்லாவிட்டால் பல கட்டடங்கள் எப்போதோ மண்ணாகியிருக்கும். ஆனால் சீரமைக்க ஒரு கட்டடம் அதுவரை மிஞ்சியிருக்க வேண்டும். அதை மிச்சம் வைத்தது ஊரின் வறுமை. காரணம் எதுவானால் என்ன, பார்க்கக் கிடைக்கிறதே என்றும் சொல்லலாம். அங்கேதான் சிக்கல். காரணத்தை மறந்தால், மிஞ்சிய ஓர் அடுக்கையே முழு ஊர் என்று நம்பிவிடுவோம். கோட்டைக்குச் சற்று வடக்கே, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காப்பாற்றக் கருங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். டேனியர் வருவதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே ஊரும் வழிபாடும் இருந்ததற்கு அந்தக் கோயிலே அத்தாட்சி. 'பழைய காலம்' என்று சொல்லும்போது நம் மனதில் அது வருவதில்லை.

இன்றைய ஊரும் வருவதில்லை. 2004 சுனாமியில் உறவுகளைப் பறிகொடுத்த மீனவர்கள் அதே கரையிலிருந்துதான் இன்றும் கடலுக்குப் போகிறார்கள். கோட்டையைப் படம் எடுக்கும்போது ஓரத்தில் ஒரு ஃபைபர் படகு விழுந்தால், காலத்துக்குப் பொருந்தவில்லை என்று அதை வெட்டிவிடுகிறோம். ஆனால் கோட்டைக்கு முன்பும் கப்பல்கள் நின்றுபோன பின்பும் இந்தக் கரையில் விடாமல் நடந்துவரும் தொழிலுக்கு அந்தப் படகுதான் சாட்சி.