பீப்பாயும் விஸ்கியின் வயதும்

அமெரிக்க நாட்டுப் போர்பனையும் பெங்களூர் அம்ருத்தையும் அருகருகே வைத்துச் சுவை ஒப்புநோக்கும் புனே அன்பர் ஒருவர் முதலில் கேட்கக்கூடிய வினா, "வயது என்ன?" என்பதே. அவ்வினா பாதி பிழையானது.

போர்பனுக்குரிய தானியக் கலவையில் மக்காச்சோளம் 51 விழுக்காட்டிற்குக் குறையலாகாது. உட்புறம் கரியச் சுட்ட புதிய ஓக் கலத்திலேயே அதனை வைத்தல் வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒருமுறை பயன்பட்ட அத்தகைய பீப்பாய்கள் பெங்களூர் வந்து பார்லி விஸ்கியை ஏற்கின்றன. இரண்டிலும் வனிலின் மணம் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆனால் ஸ்காட்லாந்தில் ஆண்டிற்குச் சுமார் 2 விழுக்காடு ஆவியாகிறது. பெங்களூரிலோ 10 விழுக்காட்டிற்கும் மேல். வெப்பத்தில் மரச்சத்தும் விரைந்து இறங்குகிறது. பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தால் பீப்பாயில் எஞ்சுவது சொற்பமே! ஆதலின் 2004-இல் கிளாஸ்கோவில் அறிமுகமான அம்ருத்தை ஆண்டுக்கணக்கால் அளத்தல் முறையன்று. பெயர்ச்சீட்டை மறைத்து, சிறிது நீர் சேர்த்து முகர்தல் வேண்டும். சாராயக் காரம் தணிய, மணங்கள் வேறுபட்டுப் புலனாகும்.