வானத்துக் கண்ணுக்குக் குபேர் தெரிந்திருக்குமா?

டீயை ஆற்றிக்கொண்டே கேளுங்கள். ராமநாதபுரம் பக்கத்து உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானதளம் இருக்கிறது. 2012-லிருந்து அங்கே ஆளில்லா விமானங்களுக்கென்றே ஒரு படைப்பிரிவு. ட்ரோன் என்றதும் கல்யாண வீட்டில் தலைக்குமேல் சுற்றுமே, அதை நினைத்துவிடாதீர்கள். இஸ்ரேலின் ஹெரான் ரகத்துக்கு இறக்கை நுனிக்கு நுனி 16 மீட்டருக்கு மேல்; ஓடுபாதையில் ஓடித்தான் எழும்பும். ஓட்டுபவர்கள் தரையில் ஓர் அறைக்குள் திரைமுன் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு ஷிஃப்ட் மாறும். விமானம் இறங்க வேண்டியதில்லை. ஒரு நாள் முழுக்கக்கூட மேலேயே சுற்றும். லாபமே அதில்தான்.

முதலில் ரேடார் கடலைத் துழாவும். கிடைப்பது படமல்ல, வெறும் புள்ளிகள். பெரிய கப்பல்கள் ‘நான் இன்னார், இந்தத் திசையில் போகிறேன்’ என்று தானாகவே சிக்னல் அனுப்பிக்கொண்டிருக்கும், ஏ.ஐ.எஸ். என்பார்கள். புள்ளியையும் சிக்னலையும் பொருத்திப் பார்ப்பார்கள். பெயர் சொல்லாத புள்ளி மிஞ்சினால் கேமரா அங்கே திரும்பும். இரவென்றால் வெப்பம் பார்க்கும் கேமரா. என்ஜின் சூடே காட்டிக்கொடுத்துவிடும்.

சிக்கல் இனிமேல்தான். 20 மீட்டருக்குக் குறைந்த படகுக்கு இங்கே ஏ.ஐ.எஸ். கட்டாயமில்லை. நாட்டுப்படகு, வள்ளம் எல்லாம் அதற்குள் அடக்கம். இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர்களை இப்போது பொருத்தி வருகிறார்கள்; நல்லது. ஆனால் மரமும் ஃபைபரும் ரேடாருக்குச் சரியாகப் பிடிபடாது, அலை எழும்பினால் இன்னும் மோசம். ஆக, பெயரில்லாத புள்ளி என்பது பெரும்பாலும் வலை வீசப் போன நம் ஆள்தான்.

பெயரிருந்தாலும் போதாது. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்க வந்த பத்துப் பயங்கரவாதிகள், நடுக்கடலில் கைப்பற்றிய ‘குபேர்’ என்ற குஜராத் மீன்பிடிப் படகில்தான் வந்தார்கள். மேலேயிருந்து எந்தக் கேமரா பார்த்தாலும் அது நம் படகேதான்.

அமெரிக்காவின் சீ கார்டியன் ஆளில்லா விமானங்கள் இரண்டை 2020-ல் குத்தகைக்கு எடுத்து அரக்கோணத்திலிருந்து பறக்கவிட்டார்கள். 2024 செப்டம்பரில் ஒன்று கோளாறாகிச் சென்னைக்கு அப்பால் கடலில் விழுந்தது. மறுமாதமே 31 விமானங்களுக்கு ஒப்பந்தம். கடற்படைக்கு மட்டும் 15. வாங்கட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ட்ரோன் படகை நிறுத்தாது. ரோந்துக் கப்பல் போய்த்தான் நிறுத்த வேண்டும். எது அந்நியப் படகு என்று பக்கத்தில் வலை போடுகிறவருக்குத்தான் முதலில் தெரியும். கடற்கரைக்காரர்கள் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: சந்தேகமாக ஏதாவது பட்டால் 1093, கடலில் ஆபத்தென்றால் 1554.