நீராவி எஞ்சினை ஓட்டத் தெரிந்த கைகள்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 1855-இல் உருவான ‘ஃபேரி குயின்’ நீராவி எஞ்சின் 1909-இல் ஓய்வு பெற்றது. டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் காட்சிப்பொருளாக நின்ற அதை, 1997-இல் சென்னை பெரம்பூர் லோகோ பணிமனை ஊழியர்கள் பழுதுபார்த்து மீண்டும் ஓடவைத்தார்கள். வழக்கமான சேவையில் ஓடும் நீராவி எஞ்சின்களில் உலகிலேயே பழமையானது என்று 1998-இல் கின்னஸ் அதை ஏற்றது. அதே தலைமுறையைச் சேர்ந்த ‘ஈ.ஐ.ஆர். 21’ எஞ்சினையும் 2010-இல் பெரம்பூர் ஊழியர்களே ஓடவைத்தார்கள். இவ்வளவு வயதான எஞ்சினை எப்படி ஓட்டுகிறார்கள்?

உடனே கிளப்ப முடியுமா?

முடியாது. புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்பே தீ மூட்ட வேண்டும். அவசரப்பட்டால் பாய்லரின் ஒரு பகுதி சூடேறி விரியும். இன்னொரு பகுதி குளிர்ந்தே கிடக்கும். அந்த இழுபறியில் குழாய் இணைப்புகள் கசியத் தொடங்கிவிடும்.

எது பெரிய ஆபத்து?

பாய்லரில் தண்ணீர் குறைவதுதான். கரி எரியும் ஃபயர்பாக்ஸின் மேல்தகடு எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். தண்ணீர் இறங்கினால் தகடு பழுக்கக் காய்ந்து இளகும். அழுத்தம் தாங்காமல் பாய்லர் வெடிக்கலாம். அதனால் டிரைவரும், தீயைக் கவனிக்கும் ஃபயர்மேனும் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயை ஓயாமல் கவனிக்கிறார்கள். மட்டம் இறங்கினால், பாய்லரின் நீராவியாலேயே தண்ணீரை உள்ளே தள்ளும் இன்ஜெக்டரைத் திறக்கிறார்கள். கடைசிக் காவலாக, அந்தத் தகட்டில் ஈயம் அடைத்த திருகு ஒன்று உண்டு. தண்ணீர் வற்றினால் ஈயம் உருகி, நீராவி தீயின் மேல் பீறிட்டு எச்சரிக்கும்.

புறப்படும்போது சக்கரத்தருகே நீராவி ஏன் சீறுகிறது?

குளிர்ந்த சிலிண்டருக்குள் நுழையும் நீராவி தண்ணீராகிவிடும். தண்ணீரை அமுக்க முடியாது. அது தேங்கியிருக்க பிஸ்டன் ஓடினால் சிலிண்டரே உடையலாம். எனவே டிரைவர் வடிகால் வால்வுகளைத் திறந்துவிட்டு, சிலிண்டருக்கு நீராவியை அனுப்பும் ரெகுலேட்டரை மெதுவாக இழுக்கிறார். தண்ணீரோடு நீராவியும் அந்த வால்வுகள் வழியே சீறி வெளியேறுகிறது.

ஏன் தொடர்ந்து ஓட்ட வேண்டும்?

ஓட்டும் திறன் அடுத்தவர் கைக்கு வரத்தான். போட்ட கரி எரிந்து, தண்ணீர் நீராவியாக நேரம் பிடிக்கும். மேடு வருமுன்பே ஃபயர்மேன் தீயைத் தயார் செய்திருக்க வேண்டும். இந்தக் கணக்கு, ஓடும் எஞ்சினில் மூத்தவர் பக்கத்தில் நின்று பழகினால்தான் கைவரும். உடைந்த பாகத்தைப் பணிமனையில் புதிதாக வார்த்துக்கொள்ளலாம். அனுபவத்தை அப்படி வார்க்க முடியாது. எஞ்சினைப் பாதுகாக்க ஒதுக்கும் பணத்தில், இளைய ஊழியர்களின் பயிற்சிக்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும்.